குசினிக்குள் நாளைய சத்தம்: தொடர்மாடி வீட்டிலிருந்து ஓர் அறிவியல் புனைவு ஒலி நாடகம் தயாரிக்கும் முறை

அறிவியல் புனைவு ஒலி நாடகம் ஒன்று செய்யப் போகிறோம் என்று சொன்னதும், கூட வேலை செய்ய வந்தவர்களில் ஒருவராவது விண்கலத்தின் சத்தத்தை எங்கே எடுப்பது என்று கேட்பார். விண்கலத்தின் சத்தம் இணையத்தில் வேண்டிய அளவு இலவசமாகக் கிடைக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் மாலை ஆறு மணிக்கு ஒரு குசினிக்குள் கேட்கும் சத்தம் எங்கும் கிடைக்காது. அதை நீங்களே எழுந்து போய்ப் பதிவு செய்ய வேண்டும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த இரண்டாவது சத்தத்தைப் பற்றியது. தன் வீட்டுச் சத்தத்தை அடையாளம் கண்டு, "இது எங்கட இடம்தான்" என்று காது ஆறிய பிறகே, அதற்குள் நுழையும் அந்நியச் சத்தத்தைக் கேட்பவர் நம்பத் தொடங்குவார் என்பது பல தடவை தவறிய பிறகு நான் கற்றுக்கொண்டது.

கொழும்பில் இருந்துகொண்டு இதைச் செய்வதில் ஒரு வசதி இருக்கிறது. 1925 டிசம்பர் 16ஆம் திகதி இங்கே முறையான வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயர் வந்தது. 1967இல் அது கூட்டுத்தாபனமானது. நாடகத்தைக் காதால் கேட்கும் பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. எஸ். ராம்தாஸ் எழுதி நடித்த 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலி நாடகம் வெவ்வேறு சமூகத்தவர் பேசும் தமிழை வைத்தே ஆட்களை வேறுபடுத்திக் காட்டியது. 1976இல் அது 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. நம் அம்மாமார், மாமாமார் பலருக்கு யார் பேசுகிறார் என்பதை முதல் இரண்டு சொற்களிலேயே பிடித்துக்கொள்ளும் காது இருக்கிறது. அந்தக் காதை நம்பி எழுதலாம்.

ஒரேயொரு விதி

அறிவியல் புனைவுக்கு ஒரு மாற்றம் போதும். அன்றாட வாழ்வில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மீதி எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவிட வேண்டும். ஒலி நாடகமாக இருந்தால் அந்த மாற்றமும் ஒரு சத்தமாகவே இருப்பது நல்லது. வானம் பச்சையாக மாறிவிட்டது என்றால் அதை யாராவது ஒருவர் "ஐயோ, வானம் பச்சையாக இருக்கிறதே" என்று வாயால் சொல்ல வேண்டிவரும். அந்த வசனத்தை இயல்பாகப் பேசக்கூடிய நடிகர் இன்னும் பிறக்கவில்லை.

பேச வசதியாக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். இறுதிவரை அதையே வைத்து விளக்குகிறேன். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தொடர்மாடி, இருபத்துநான்கு வீடுகள். ஒரு வீட்டுக் குசினிச் சுவரில் கேற்றோடு பேசுவதற்கான பழைய இன்டர்கொம் ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு நாளும் மாலை 6.10க்கு அது தானாகக் கரகரத்து, நாற்பது செக்கன் நேரம் ஒலி எழுப்புகிறது. வருவது, அதே குசினியில் மறுநாள் அதே நேரத்தில் கேட்கப் போகும் சத்தம். அவ்வளவுதான் விதி. இன்டர்கொம்மை யார் செய்தது, எந்த நாட்டு விஞ்ஞானி என்பதெல்லாம் தேவையில்லை. ஆனால் கேட்டது மாறாமல் நடக்குமா, தடுக்கலாமா என்பதை எழுதத் தொடங்கும் முன்னரே முடிவுசெய்துவிட வேண்டும். நான் மாறாது என்றே வைப்பேன். தடுக்கலாம் என்று வைத்தால் கதை சண்டைப் படமாகிவிடும். மாறாது என்று வைத்தால் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், அதில்தான் நாடகம் இருக்கிறது.

அடுத்த வேலை, அந்த விதியை உங்கள் தொடர்மாடி ஆட்களிடம் கொடுத்துவிட்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசிப்பது. உலகைக் காப்பாற்ற யாரும் ஓட மாட்டார்கள். முதலாவதாக லொத்தர் ஞாபகத்துக்கு வரும். சீட்டிழுப்பு இரவில் நடக்கிறது. ஆகவே நாளை மாலை 6.10க்கு ஒருவர் அந்தக் குசினியில் நின்று இன்று இரவு விழுந்த இலக்கத்தை வாசித்தால், இன்று மாலையே அது கேட்டுவிடும். இது இரண்டாம் நாளே எல்லோருக்கும் விளங்கிவிடும். மகனுக்கு விசா கிடைத்ததா என்று ஒருவர் கேட்க விரும்புவார், ஸ்கேன் அறிக்கை என்னவென்று இன்னொருவர். நாற்பது செக்கன்தான் இருக்கிறது. 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று பழகிய ஊர் இது. உடனே ஒரு கொப்பி வரும், பெயர்ப் பட்டியல் வரும், நாளுக்கொரு வீடு என்றால் ஒரு வீட்டின் முறை இருபத்துநான்கு நாளைக்கு ஒருமுறைதான் வரும் என்று கணக்குப் போடுவார்கள், மெயின்டனன்ஸ் காசு கட்டாத வீட்டுக்கு முறை கொடுக்கலாமா என்று நிர்வாகக் குழு கூட்டம் போடும். இதெல்லாம் நான் கற்பனை செய்து சேர்த்தவை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எந்தத் தொடர்மாடியில் வாழ்ந்தவரும் இதை எழுதிவிடுவார்.

எழுதும்போது ஒரு கொப்பியில் விதியின் ஓட்டைகளையும் குறித்துக்கொண்டே வாருங்கள். உதாரணமாக, மின்சாரம் போன நாளில் இன்டர்கொம் எப்படி வேலை செய்யும் என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அதற்குள் ஒரு பெட்டரி இருக்கிறது என்பதை முதலாம் அங்கத்திலேயே, வேறு ஏதோ விடயத்தைப் பேசும்போது, போகிற போக்கில் சொல்லி வைத்துவிட வேண்டும். ஐந்தாம் அங்கத்தில் முதல் தடவையாகச் சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

விண்வெளி வேண்டும் என்பவர்களுக்கு

விண்வெளியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு வீட்டுக்குள்ளே வந்து கேட்கட்டும். 1956 முதல் 2008இல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்து, கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேசில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க், 1945இல் எழுதிய கட்டுரை ஒன்றில் பூமத்திய ரேகைக்கு மேலே நிலையாக நிற்பதுபோலத் தோன்றும் செய்மதிகள் மூலம் உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று விளக்கியிருந்தார். அந்த உயரம் 35,786 கிலோமீற்றர். சமிக்ஞை மேலே போய்க் கீழே வர ஏறக்குறைய கால் செக்கன் எடுக்கும். நிலாவோ சராசரியாக 384,400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது; ஒரு வழிக்கு 1.3 செக்கன், நீங்கள் கேட்டதற்குப் பதில் வந்து சேர 2.6 செக்கன். நிலாவில் வேலைக்குப் போயிருக்கும் மகனிடம் "சாப்பிட்டியா அப்பன்?" என்று கேட்டுவிட்டு அம்மா ஒவ்வொரு முறையும் 2.6 செக்கன் காத்திருக்கிறாள். பொறுமையில்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறாள். முதல் கேள்வியின் பதில் இரண்டாம் கேள்வியின் மேல் வந்து விழுகிறது. டுபாய்க்கும் கட்டாருக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளுக்கு இந்தக் காட்சியில் வேறு விளக்கமே தேவையில்லை. தொகுக்கும்போது இடைவெளியை அளந்து வைத்தால் போதும். விண்வெளிக்கான ஒலி விளைவு அந்த இடைவெளிதான். செவ்வாயில் இருப்பவரோடு இப்படிப் பேச முடியாது: அங்கே ஒரு வழிக்கே மூன்று நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும், குரல் கடிதம்தான் சாத்தியம்.

நேரத்தைக் காதால் காட்டுதல்

இனி அந்தக் குசினியின் சத்தம். எழுதுவதற்கு முன் ஒரு முழு நாள் ஒரே இடத்தில் இருந்து கேளுங்கள். என்ன கேட்கிறது என்பதை நேரத்தோடு எழுதுங்கள். விடியற்காலையில் காகம், அதற்கு முன் பள்ளிவாசல், பிறகு தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டார் போடும் சத்தம், கரையோர ரயில், குக்கர் விசில், மாலையில் பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' மெட்டை மின்னணு ஒலியில் திரும்பத் திரும்ப இசைத்தபடி பாண் விற்க வரும் 'சூன் பாண்' முச்சக்கர வண்டி, காலி வீதியில் "பிட்டகொட்டுவ, பிட்டகொட்டுவ" என்று புறக்கோட்டையைச் சிங்களத்தில் கூவும் 100ஆம், 101ஆம் இலக்க பஸ் நடத்துநர், இரவில் கொத்து ரொட்டிக் கடையின் இரும்புத் தகடுகள். இவற்றில் ஏழெட்டை மட்டும் தெரிந்தெடுங்கள். எல்லாவற்றையும் போட்டால் சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கும்.

தெரிந்தெடுத்த சத்தம் நேரத்தோடு பொருந்த வேண்டும் என்பதில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். மஃரிப் பாங்கு, அதாவது பள்ளிவாசலின் மாலைத் தொழுகை அழைப்பு, சூரியன் மறைந்ததும் சொல்லப்படுவது. கொழும்பில் நவம்பரில் சூரியன் மாலை 5.50 அளவிலும், ஜூலையில் 6.30 அளவிலும் மறைகிறது. ஆகவே நம் நாடகத்தின் 6.10, நவம்பரில் பாங்கு முடிந்த பிறகு வரும். ஜூலையில் பாங்குக்கு முன்னர் வரும். செப்டெம்பர் நடுப்பகுதியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, பாங்கு சொல்லிவிடும். கடலும் அப்படித்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வெள்ளவத்தைக் கடல் இரைந்துகொண்டே இருக்கும். ஜனவரியில் அதே யன்னலைத் திறந்தால் ரயில்தான் கேட்கும். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி இடிக்கும். உங்களுக்கு மழைச் சத்தம் வேண்டுமென்றால் அந்த மாதங்களில் ஒலிவாங்கியைத் தயாராக வைத்திருங்கள்.

பதிவு செய்யும்போது ஒவ்வோர் இடத்திலும் ஒன்றும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் வெறும் சத்தத்தையும் எடுத்து வையுங்கள். பின்னால் இது எவ்வளவு உதவும் என்பதைச் சொல்கிறேன். தெருவில் பதிவு செய்யும்போது கையில் இருப்பதை மறைக்காமல், கேட்டவர்களுக்கு என்ன செய்கிறோம் என்று சொல்லுங்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்றால் முதல் நாளே போய் அனுமதி கேளுங்கள். துறைமுகம், இராணுவ முகாம் பக்கம் போகவே வேண்டாம்.

ஆட்களும் அவர்களின் தமிழும்

ஓர் அங்கத்துக்கு நான்கு குரல், அதிகம் போனால் ஐந்து. அதற்கு மேல் போனால் காது குழம்பும். வயதாலும் பேச்சாலும் குரல்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்க வேண்டும். நமக்கு உறவுமுறைச் சொற்கள் பெரிய உதவி. "நானா" என்று ஒருவர் கூப்பிட்டதும் பதில் சொல்லப் போகிறவர் ஒரு முஸ்லிம் பெரியவர் என்பது விளங்கிவிடுகிறது. ஒவ்வொரு வசனத்திலும் பெயரைத் திணிக்கத் தேவையில்லை.

பேச்சு வழக்கை எழுதுவதில் ஒரு எச்சரிக்கை. ஒருவரின் பேச்சைச் சிரிப்பதற்காக எழுதினால், கேட்பவர் அவரை ஆளாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். கேற்றில் நிற்கும் சிங்கள வோச்சருக்கு உடைந்த தமிழ் எழுதிக் கேலி செய்ய வேண்டாம். அவர் தேவையான இடத்தில் சிங்களத்திலேயே பேசட்டும். அவர் "ஹெட்டத?" என்று கேட்க, மற்றவர் "ஓம், நாளைக்குத்தான்" என்று பதில் சொன்னால் சிங்களம் தெரியாதவருக்கும் பொருள் போய்ச் சேரும். யாழ்ப்பாணத்துப் பேச்சை அதே பேச்சு உள்ளவரே நடிக்கட்டும், மலையகத்துப் பேச்சுக்கும் அப்படியே. வேறு வழியில்லாமல் ஆள் மாறினால், பேச்சைப் பாவனை செய்ய வைப்பதைவிட அந்தப் பாத்திரத்தின் ஊரை மாற்றிவிடுவது மேல்.

பிரதி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சிறு துண்டு:

(குசினி. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல். அதன் மேல் இரண்டு போத்தல்கள் ஒன்றோடொன்று நடுங்கி உரசுகின்றன.)

ராணி: நானா, உள்ள வாங்கோ. செருப்பைக் கழட்டத் தேவையில்லை, இன்னும் ஒரு நிமிஷம்தான் கிடக்கு.

நானா (வாசலில், தூரத்தில்): அல்ல புள்ள, நாளக்கி இந்நேரம் நான் இங்க நின்டாத்தானே இன்டக்கி என்ட சத்தம் கேக்கும்?

ராணி: ஓம். அதுக்குத்தான் சொல்லுறன், நாளைக்கும் வரவேணும்.

நானா (கிட்ட வந்து): நாளக்கி ஜும்மாக்குப் பொறகு பேருவளைக்குப் போறேனே.

ராணி: அப்ப இண்டைக்கு உங்கட குரல் வராது.

(இன்டர்கொம் கரகரக்கிறது. மறுநாளின் குளிர்சாதனப் பெட்டி, போத்தல்கள்.)

நானாவின் குரல் (இன்டர்கொம்மில், மூச்சு வாங்கியபடி): புள்ள... பஸ் கெடைக்கல்ல. வந்துட்டேன்.

இந்தத் துண்டில் விதியை யாரும் விளக்கவில்லை. ஒருவருக்கு நாளைக்கு ஒரு பயணம் இருந்தது, அது நடக்காது என்பது இன்றே தெரிந்துவிட்டது. தூரம், கிட்ட என்று அடைப்புக்குள் எழுதியிருப்பது அலங்காரத்துக்கல்ல: நடிகர் ஒலிவாங்கியிலிருந்து எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்பதற்கான கட்டளை அது. "ராணி கவலையுடன் யன்னலைப் பார்க்கிறாள்" போன்ற, காதுக்கு எட்டாத குறிப்புகளை எல்லாம் வெட்டிவிடுங்கள்.

ஓர் அங்கம் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் இருந்தால் போதும். பக்கக் கணக்கை நம்பாமல், முழுப் பிரதியையும் உரக்க வாசித்து நேரம் பாருங்கள்.

பதிவு

கலையகம் வாடகைக்கு எடுக்கப் பணம் இருந்தாலும் குசினிக் காட்சியைக் குசினியில் எடுப்பதுதான் நல்லது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் தொடர்மாடி வீடுகளின் தரை முழுவதும் டைல். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதைப் பிறகு அகற்றவே முடியாது. வசனத்தை எதிரொலி இல்லாத அறையில் எடுத்து, குசினியின் சத்தத்தைத் தனியாகச் சேர்ப்பதுதான் கைக்கு அடங்கும் வழி. உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து, அதை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பேசுங்கள். எதிர்ச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வையுங்கள். தரையில் பாய்க்கு மேல் போர்வை. அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

மின்விசிறியை நிறுத்த வேண்டும். கொழும்பு வெக்கையில் கதவை மூடி, மெத்தைக்கும் அலுமாரிக்கும் நடுவில் நின்று நடிப்பவர்களிடம் ஒரேயடியாக இரண்டு மணி நேரம் கேட்க முடியாது. இருபது நிமிடம் எடுத்து, பத்து நிமிடம் விசிறியைப் போட்டு ஓய்வு கொடுங்கள். இரவு பத்துக்குப் பிறகு தெருவும் அடங்கியிருக்கும்.

குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு முன் வீட்டுத் திறப்பை அதற்குள் வைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போகத் திறப்பைத் தேடும்போது பெட்டியைத் திரும்பப் போட வேண்டும் என்பது நினைவு வரும். இந்தத் தந்திரம் ஒலிப்பதிவு செய்பவர்களிடம் பழையது. எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை, ஆகவே முதல் பதிவு முடிந்த மறுநாள் காலையில் நண்பர் வீட்டில் இரண்டு கிலோ பாரை மீனுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒலிவாங்கி விலையுயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. கைத்தொலைபேசியிலும் எடுக்கலாம், ஆனால் இரைச்சலைத் தானாகக் குறைக்கும் வசதியையும் ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் நிறுத்தக்கூடிய செயலி ஒன்றைப் பயன்படுத்துங்கள். செயலியின் அமைப்பில் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று தெரிந்தெடுங்கள். செயலி காட்டும் அளவுகோலில் உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். பூச்சியத்தைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும், கிழிந்ததைத் தைக்க முடியாது. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி. காதோடு காதாகப் பேசும் வசனத்துக்கு நான்கு விரற்கடைக்கு வரலாம். கிட்ட வர வர அடிக்குரல் தடிக்கும், அது இரகசியப் பேச்சுக்குப் பொருத்தமாகவும் இருக்கும். வாசலில் நின்று பேசுபவர் உண்மையிலேயே இரண்டு மீற்றர் பின்னால் போய் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு பேச வேண்டும். சத்தத்தை மட்டும் பிறகு குறைத்தால் அது தூரத்துக் குரலாகாது, மெலிந்த குரலாகத்தான் கேட்கும். பிரதியைக் காகிதத்தில் வைத்திருந்தால் பக்கத்தைப் புரட்டாமல் தாள் தாளாகக் கீழே விட்டுவிடுங்கள்.

இன்டர்கொம்மின் குரலை இரண்டு விதமாகச் செய்யலாம். தொகுப்பு மென்பொருளில் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் 3,400 ஹேர்ட்ஸுக்கு மேலேயும் உள்ளதை வெட்டிவிட்டால் பழைய தொலைபேசிக் குரல் கிடைக்கும். இது ஐந்து நிமிட வேலை. மற்ற வழி, முடிந்த பதிவை ஒரு மலிவான சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அந்த ஸ்பீக்கரை வெறும் பால்மா ரின்னுக்குள் வைத்து, உண்மையான குசினியில் திரும்பப் பதிவு செய்வது. எனக்கு இதுவே பிடிக்கும். தகரத்தின் அதிர்வும் குசினிச் சுவரின் எதிரொலியும் சேர்ந்து வருவதால், அந்தக் குரல் சுவரில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொங்கிக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். படிக்கட்டில் நடக்கும் காட்சிக்கும் இதையே செய்யலாம்: ஸ்பீக்கரை இரண்டாம் மாடியில் வைத்து, ஒலிவாங்கியோடு நீங்கள் நான்காம் மாடியில் நில்லுங்கள்.

தொகுத்தல், அதிலும் முக்கியமாக மௌனம்

ஓடாசிட்டி என்ற தொகுப்பு மென்பொருள் இலவசம், ஆரம்பத்துக்கு அது போதும். முதலில் வசனத்தை மட்டும் அடுக்கி, கண்ணை மூடிக் கேளுங்கள். அந்த நிலையிலேயே கதை விளங்க வேண்டும். விளங்காவிட்டால் எந்தச் சத்தமும் அதைக் காப்பாற்றாது. பிறகு வசனத்துக்கு அடியில் குசினியின் வெறும் சத்தத்தை முழு நீளத்துக்கும் விரியுங்கள். அப்போதுதான் வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில் கிணற்றுக்குள் விழுந்ததுபோன்ற வெறுமை வராது. அதற்கு மேல் தனித்தனிச் சத்தங்கள்.

நம் நாடகத்தின் முக்கியமான இடம் நான்காம் அங்கத்தின் முடிவில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழமைபோல 6.10க்கு இன்டர்கொம் கரகரக்கிறது. யாருடைய குரலும் இல்லை. முறை யாருடையது என்று கொப்பியைப் பார்க்கிறார்கள். அவர் நாளைக்கு ஏன் வரவில்லை? ஏதாவது நடந்துவிட்டதா? இருபத்துநான்கு வீடும் அன்றிரவு தூங்காது. மறுநாள் தெரிகிறது, மின்வெட்டு. லிப்ட் நடுவில் நின்றுவிட்டது, முறைக்காரர் அதற்குள்ளே. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இந்த முடிவு சிரிப்பையும் கொஞ்சம் எரிச்சலையும் சேர்த்துத் தரும்.

இதில் தொகுப்பாளரின் வேலை என்னவென்றால், கவனமாகக் கேட்பவர் அந்த நாற்பது செக்கனிலேயே விடையைக் கண்டுபிடிக்க இடம் வைப்பது. நாளைய குசினியில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் இருக்காது. காகம் இருக்கும், கடல் இருக்கும், பெட்டி இருக்காது. மௌனம் என்பதற்காகக் கோப்பில் ஒன்றுமே இல்லாத இடத்தை வைத்தால் தொலைபேசி நின்றுவிட்டது என்று கேட்பவர் திரையைத் தட்டுவார். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை விட்டு வைத்தால்தான் அது மௌனமாகக் கேட்கும். அதற்காகத்தான் முதல் மூன்று அங்கங்களிலும் குசினி வரும் ஒவ்வொரு முறையும் பெட்டியின் இரைச்சலை விடாமல் போட்டு வர வேண்டும். பதிவின்போது பெட்டியை நிறுத்தச் சொன்னதன் காரணமும் இதுவே: வசனத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த இரைச்சலை வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாது, தனியாக எடுத்து வைத்ததை எங்கும் நிறுத்தலாம்.

இங்கேதான் நான் இரண்டாவது தடவையும் வழுக்கினேன். நல்ல ஹெட்போனில் கேட்டபோது பெட்டி நின்ற இடம் முதுகில் குளிர்ந்தது. கீழ் வீட்டு அக்காவுக்கு அனுப்பினேன், "எந்தப் பெட்டி, தம்பி?" என்று கேட்டார். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலில் பெரும்பங்கு 50, 100 ஹேர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கர் அந்தத் தாழ்ந்த ஒலிகளை ஏறக்குறைய வெளியே விடுவதே இல்லை. இல்லாததை நிறுத்தினால் யாருக்குத் தெரியும்? பிரதியில் பெட்டிக்கு மேல் இரண்டு போத்தல்கள் நடுங்குவதாக எழுதியிருந்தேன் அல்லவா, அவை அதன் பிறகு சேர்ந்தவை. கண்ணாடி உரசும் சத்தம் மேலே இருக்கிறது. எந்த மலிவான தொலைபேசியிலும் கேட்கும். இரண்டு சோடாப் போத்தல்களை ஒன்றையொன்று மெல்லத் தொடும்படி வைத்து, ஒலிவாங்கியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஐந்து நிமிடம் எடுத்து வைத்தால் தொடர் முழுவதற்கும் போதும்.

முடிந்த கலவையின் ஒட்டுமொத்தச் சத்த அளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் சராசரியை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். இணைய ஒலித்தொடர்களுக்கு வழக்கமான அளவு அது. ஓடாசிட்டியில் இந்த வசதியைத் திறந்தால் மைனஸ் 23 என்று காட்டும், மாற்றிவிடுங்கள். பதினைந்து நிமிட அங்கம் 128 கிலோபிட் எம்பி3 ஆகச் சுமார் 14 மெகாபைட் வரும். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

உரிமை பற்றி ஒரு விடயம். பீத்தோவன் 1827இல் இறந்தார். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டு வரைதான் பதிப்புரிமை. ஆகவே சூன் பாணின் மெட்டு பொதுச் சொத்து. ஆனால் வேறொருவர் வாசித்துப் பதிவு செய்ததை எடுத்துப் போட முடியாது, நீங்களே ஒரு சின்னக் கீபோர்ட்டில் வாசித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து சினிமாப் பாட்டு உங்கள் பதிவுக்குள் நுழைந்திருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு வேறு நாள் எடுங்கள்.

வெளியிடுவதற்கு முன், பிரதியை வாசிக்காத ஒருவரை அழைத்து நான்காம் அங்கத்தை அவருடைய சொந்தத் தொலைபேசியில், விசிறி ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய சொந்த அறையில் கேட்கச் சொல்லுங்கள். ஒன்றும் விளக்காமல், கடைசி நாற்பது செக்கனில் என்னென்ன சத்தம் கேட்டது என்று மட்டும் கேளுங்கள். காகம், கடல் என்று சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் போத்தல் சத்தத்தைக் காணேல்லையே" என்று சொன்னால் அன்றே வெளியிடலாம்; சொல்லாவிட்டால் போத்தல்களின் சத்தத்தை முதல் மூன்று அங்கங்களிலும் இரண்டு டெசிபல் கூட்டிவிட்டு வேறொருவரை அழையுங்கள்.